படுத்துக் காட்டியவன்

மெத்தை வாங்கும்போது கையால் அழுத்திப் பார்த்து வாங்காதீர்கள். பெரும்பாலானவர்கள் செய்கிற தப்பு அது. மெத்தையில் கிடக்கப்போவது கை அல்ல, முதுகு. செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படிப் படுத்துப் பார்க்க வேண்டும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் சார், நேற்று நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள். உங்கள் வீட்டு மெத்தை நடுவில் குழிந்திருக்கிறது. இந்த வேலையெல்லாம் முடிந்ததும் கடைப்பக்கம் வாருங்கள், கடை திறந்திருந்தால்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். டீயும் வாங்கிக் கொடுத்தீர்கள். எனக்கு எதையும் மறைக்கும் எண்ணம் இல்லை. எங்கள் கடைக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. மறைத்துப் பிழைத்து எனக்குப் பழக்கமும் இல்லை.

கடையை ஆரம்பித்தவர் அப்பா. அவர் வைத்த விதி ஒன்றுதான். எந்த மெத்தையானாலும் நம் வீட்டு ஆள் ஒருவர் வாங்க வந்தவர் கண்ணெதிரே படுத்துக் காட்டிவிட்டுத்தான் விற்க வேண்டும். நம் உடம்பு ஒத்துக்கொள்ளாததை அடுத்தவர் தலையில் கட்டக்கூடாது என்பார். அப்பா இருந்தவரை அப்பா படுத்தார். அவருக்குப் பிறகு நான் படுத்தேன். எனக்கு அது கைவரவில்லை. கூச்சத்தில் கையையும் காலையும் விறைத்துக்கொண்டு கிடப்பேன். ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "ஐயோ, பொணம் மாதிரி இருக்கு, எந்திரிங்க"ன்னு சொல்லிவிட்டு வாங்காமலே போய்விட்டார். அந்த வருடம் நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் தம்பியைக் கடைக்குக் கூட்டி வந்தேன்.

தம்பியைக் கடையில் எல்லாரும் ஸ்பிரிங் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த ஏற்ற இறக்கம் இளவயதிலேயே தொடங்கியது. சில வாரம் தூங்கவே மாட்டான், வாய் ஓயாது, ஊரையே விலை பேசிவிட்டு வருவான். பிறகு ஒருநாள் பல் துலக்கக்கூட எழுந்திருக்க மாட்டான். இருமுனைக் கோளாறு என்று டாக்டரம்மா பெயர் சொன்னார். அந்த நாட்களில் குடியும் இருந்தது. மேலே இருந்தால் இன்னும் மேலே போகக் குடிப்பான். கீழே இருந்தால் ஏறி வரக் குடிப்பான். ஏறி வந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு தடவை என் மனைவிதான் அவனை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தாள். வரும் வழியில் ஆட்டோவிலேயே, "அண்ணி, இனிமே தொட மாட்டேன்"ன்னு சொன்னான். விட்டவன் விட்டவன்தான். மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டான். மாத்திரையால் கை லேசாக நடுங்கும், தாகம் எடுத்துக்கொண்டே இருக்கும். மற்றபடி மேலும் இல்லை, கீழும் இல்லை, சமமாகிவிட்டான்.

சமமான மனிதனை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. புதுமணத் தம்பதி ஒன்று வந்தது. தம்பி இரட்டைக் கட்டில் மெத்தையில் படுத்தான், புரண்டான், எழுந்து உட்கார்ந்தான். "இது உங்களுக்கு எதுக்குங்க? வீட்ல இருக்கறத வெயில்ல காயப் போட்டுத் திருப்பிப் போடுங்க. இன்னும் அஞ்சு வருஷம் தாராளமா வரும்"ன்னு சொன்னான். அவர்கள் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. நான் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

அதோடு நிற்கவில்லை. மெத்தைக்கு உறை தைக்கும் டெய்லர் அண்ணனோடு சேர்ந்து, பழைய மெத்தையைப் பிரித்துச் சரிசெய்து தருகிற கடை ஒன்று போடப்போவதாகச் சொன்னான். "புதுசு விக்கறத விட இது நிம்மதியா இருக்கும்ணா" என்றான். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். பதினைந்து வருடம் அவனைத் தோளில் தூக்கிச் சுமந்தவன் நான். வயிறு எரிந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காகச் செய்யவில்லை.

தொடக்கம் தற்செயல். மொத்தமாக மெத்தை எடுத்த ஹோட்டல்காரர் ஒருவர் திறப்பு விழாவுக்கென்று ஒரு பெரிய கேக் கொடுத்தனுப்பினார். ரம் ஊற்றிச் செய்த கேக். வாசனையிலேயே எனக்குத் தெரிந்தது. தம்பிக்குச் சளி பிடித்திருந்ததால் மூக்கு வேலை செய்யவில்லை. டீக்குத் தொட்டுக்கொண்டு பாதிக் கேக்கை முடித்தான். சொல்லியிருக்கலாம். அவன் அவ்வளவு ரசித்துச் சாப்பிட்டுக் கொண்டிருந்தான், கெடுக்க மனம் வரவில்லை. மிச்சத்தையும் மறுநாள் நானே அவன் முன்னால் எடுத்து வைத்தேன்.

அவன் தூக்கம் கெட்டது. இரண்டு ராத்திரி கடையிலேயே தலையணைகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் காலையில் நான் கடைக்கு வந்தபோது ஆறு இரட்டை மெத்தைகள் எதிரே பஸ் ஸ்டாப்பில் கிடந்தன. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். "நிக்கறதுக்கா பொறந்தோம்? படுங்க, பஸ் வந்தா நான் எழுப்பறேன்"ன்னு தம்பி ஒவ்வொருவர் தலைமாட்டிலும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தான். கூட்டத்தைக் கலைக்க வந்த போக்குவரத்துப் போலீஸ்காரரும் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். உங்கள் இலாகாவைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நல்ல மெத்தை அது. சாயங்காலத்துக்குள் கிடங்கில் இருந்த அத்தனை சரக்கும் போய்விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கடுத்த வாரம் அவன் விழுந்தான். பேச்சில்லை, சாப்பாடில்லை. கண்ணாடிக்குப் பின்னால் பார்வைக்கு வைத்திருந்த மெத்தையில் வந்து படுத்தவன் எழவில்லை. எழுப்பிப் பார்த்தேன். பிறகுதான் வெளியே கவனித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னக் கூட்டம் நின்றிருந்தது. "பாத்தாலே தூக்கம் வருது பாரேன்" என்று ஒரு அம்மா கொட்டாவி விட்டார். உள்ளே வந்து, அவர் படுத்திருக்கிற அதே மெத்தைதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். நானும் டெய்லர் அண்ணனும் தம்பியை அப்படியே தூக்கி அடுத்த மெத்தையில் போட்டுவிட்டு அதைக் கட்டிக் கொடுத்தோம். அன்றைக்கு மட்டும் தம்பி மூன்று மெத்தை மாறினான்.

என் மனைவிதான் முதலில் சொன்னாள். "ஏங்க, உங்க தம்பி தூங்கலங்க. கண்ணத் தொறந்துட்டு அழுதுட்டிருக்கார்."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். அவனைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தேன். முகத்தை விட முதுகுதான் மெத்தைக்கு நல்ல விளம்பரம். எனக்கும் அந்தப் பக்கமிருந்து பார்க்கச் சுலபமாக இருந்தது.

அவனை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் கூட்டிப்போனேன். அவர் அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் பொறுமையாக விளக்கினார். "இந்த நோய் இருக்கறவங்களுக்குக் குடி ரெண்டு பக்கமும் கெடுதலுங்க. மொதல்ல தூக்கி விடற மாதிரி இருக்கும். தூக்கம் கெடும். மாத்திரை ஒழுங்கா வேலை செய்யாது. மேல போறவங்கள இன்னும் தள்ளிவிடும், கீழ போறவங்கள இன்னும் அமுக்கிவிடும். ஒரு வாய்கூடக் கூடாது. நீங்கதான் பாத்துக்கணும்."

இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. புது மெத்தையோடு கம்பெனிக்காரன் ஒரு தாள் அனுப்புவான், எந்தப் பக்கம் மேலே, எப்போது திருப்பிப் போடுவது என்று. டாக்டரம்மா பேசப் பேச எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அவர் எச்சரிக்கையாகச் சொன்னார். நான் செய்முறையாகக் கேட்டுக்கொண்டேன். நீங்கதான் பாத்துக்கணும் என்றும் அவரே சொல்லிவிட்டார்.

பிராந்தியைக் கருந்திராட்சை ஜூஸில் கலந்தேன். கசப்பு தெரியாமலிருக்கக் கொஞ்சம் இருமல் மருந்து. அதைப் பெரிய ஃபிளாஸ்கில் ஊற்றி, அவனுடைய தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். நாள் முழுக்கத் தாகம் எடுக்கிறவனுக்கு எதையும் கொடுப்பது சுலபம்.

முதல் வாய் குடித்துவிட்டு, "என்னண்ணா, ஒரு மாதிரி இருக்கு?" என்றான்.

"டானிக்டா. ரத்தம் ஊறும்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மிச்சத்தையும் குடித்தான். சின்ன வயதிலிருந்தே அண்ணன் கொடுத்தால் என்ன ஏது என்று கேட்கமாட்டான். அப்படி வளர்ந்த பையன்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் எங்கள் கடை எப்படி ஓடியது என்று நகரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விழாக்காலத் தள்ளுபடிக்கு முந்தின வாரம் ஃபிளாஸ்க் வைப்பேன். வார இறுதியில் தம்பி மேலே இருப்பான். அடுத்த வாரம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பான். மேலே இருந்தாலும் லாபம், கீழே இருந்தாலும் லாபம். நடுவில் இருந்தால்தான் நஷ்டம், அதனால் நடுவில் இருக்க விடவில்லை. சில சமயம் கணக்குத் தப்பும். ஆள் நடமாட்டமே இல்லாத நாளில் மேலே போய்விடுவான். அப்படி ஒரு நாள் மேயர் வீட்டு வாசலில் போய், மேயர் தூங்குகிற மெத்தையை நேரில் சோதிக்க வேண்டும், ஊர் இந்த லட்சணத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட்டான். மேயரின் மனைவி கதவைத் திறந்து, அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அவனை உள்ளே கூப்பிட்டார். மேயர் இப்போது எங்கள் மெத்தையில்தான் தூங்குகிறார். ஊர் அப்படியேதான் இருக்கிறது.

அவன் மேலே இருக்கும்போது என் மனைவி வீட்டுக் கத்திகளை ஒளித்து வைப்பாள். கீழே இருக்கும்போதும் ஒளித்து வைப்பாள். பாவம், அவளுக்கு ஏன் இப்படி ஆகிறதென்றே தெரியவில்லை. நல்லாத்தானே இருந்தாரு, மாத்திரையும் சரியாத்தானே போடுறாரு என்று கேட்டுக் கேட்டு அழுவாள். நான் அவளைச் சமாதானப்படுத்துவேன். ஆறுதல் சொல்வது எனக்கு நன்றாக வரும்.

டாக்டரம்மாவுக்கும் புரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவனிடம் நேராகவே கேட்பார்.

"மறுபடி குடிக்கிறீங்களா? என்கிட்ட மறைக்க வேணாம்."

தம்பி வாயைத் திறப்பதற்குள் நான் சொல்வேன். "சத்தியமா இல்லங்க டாக்டர். நான் கூடவே இருக்கேன். இவன் குடிச்சா அதுக்கு நான் பொறுப்பு."

அப்போதெல்லாம் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டுவார். நான் ஃபிளாஸ்கைக் கூட்டுவேன். அவர் படித்தவர், அவர் கடமையை அவர் செய்தார். நானும் சும்மா இருக்க முடியாதே.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கடை மூலையில் இருந்த தொட்டிச் செடி கருகியது. நல்ல வெளிச்சம், வேளாவேளைக்குத் தண்ணீர், இருந்தும் இலையெல்லாம் பழுத்துக் கொட்டியது. குனிந்து மண்ணை முகர்ந்தேன். திராட்சை வாசனை. என்னைப் பார்த்துக்கொண்டே டம்ளரை வாயில் வைத்து, நான் திரும்பியதும் தொட்டியில் ஊற்றியிருக்கிறான். அந்த மாதம் வியாபாரம் ஏன் மந்தமாக இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. மனம் ரொம்பச் சங்கடப்பட்டது. ஒரே வீட்டில் பிறந்தவர்கள், ஒருத்தரையொருத்தர் ஏமாற்றுவதா?

இனி அந்த நாளுக்கு வருகிறேன். வருடாந்திரத் தள்ளுபடியின் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம். மறுநாள் கூட்டம் அலைமோதும். கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இல்லையென்றால் கடை கடையாக இருக்காது. செடியில் ஊற்றியதன் பலனாகத் தம்பி மறுபடி சமமாகிக்கொண்டிருந்தான். டெய்லர் அண்ணனோடு இடம் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னான். முகத்தில் ஒரு தெளிவு. அப்பாவின் முகம் அப்படியே இருந்தது. எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை.

டம்ளரை நீட்டினேன். இந்தத் தடவை பக்கத்திலேயே நின்றேன்.

"அண்ணா, இது டானிக் இல்லன்னு எனக்கு மொத நாளே தெரியும்ணா" என்றான்.

"தெரிஞ்சும் ஏன்டா குடிச்ச?"

"நீ குடுத்தியே." கொஞ்சம் சிரித்தான். "உனக்கு நான் அப்படி இருந்தாத்தான் பிடிக்குதுன்னு நெனச்சேன். சின்ன வயசுல இருந்து நீ எனக்காக எவ்வளவு பட்டிருக்க. ஆனா இப்ப முடியலண்ணா. ஒவ்வொரு தடவையும் கீழ போறப்ப, இந்தத் தடவை திரும்பி வர மாட்டேன்னு தோணுது."

"நாளைக்கு ஒரு நாள்தான்டா."

"இன்னைக்கு வேணவே வேணாம். டாக்டரம்மா புதுசா தூக்க மாத்திரை குடுத்திருக்காங்க. இதோட சேந்தா மூச்சே நின்னுருமாம். திரும்பத் திரும்பச் சொன்னாங்க."

"அவங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. இது ஒண்ண மட்டும் குடி. நாளன்னைக்கு நீ உன் கடைக்குப் போ. நானே வந்து தெறந்து வைக்கறேன். கடைல மாட்டியிருக்கற அப்பா படத்த நீயே எடுத்துக்க."

அப்பா படம் என்றதும் அவன் கை நீண்டது. தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அந்த டம்ளரையும் குடித்தான். இன்னொன்று ஊற்றினேன், அதையும் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். எப்போதும் கழுவித்தான் வைப்பான். கண்ணாடிக்குப் பின்னால் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தான். நான் போர்வையை இழுத்துவிட்டேன். "ஷட்டர சத்தமில்லாம எறக்குண்ணா" என்றான். சத்தமில்லாமல்தான் இறக்கினேன்.

மறுநாள் மாதிரி ஒரு வியாபாரத்தை அப்பா காலத்தில்கூடப் பார்த்ததில்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஆடாமல் அசையாமல் இப்படி ஒரு தூக்கமா என்று மாய்ந்து போனார்கள். ஒருவர் தன் மனைவியிடம், "மூச்சு விடறதே தெரியல பாரு, அதான் மெத்தையோட மகிமை" என்றார். அவர் இரண்டு எடுத்தார். அவன் படுத்திருந்ததை மட்டும் யார் கேட்டும் கொடுக்கவில்லை. அது விற்பனைக்கில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் கூட்டம் வடிந்ததும் டெய்லர் அண்ணன் இடத்துக்கு முன்பணம் கொடுக்க அவனைக் கூட்டிப்போக வந்தார். எழுப்புவதற்காகக் காலைத் தொட்டார்.

"என்னப்பா, கால் இப்படி ஜில்லுனு கெடக்கு?"

"ஏசிண்ணே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தம்பியை இந்தப் பக்கம் திருப்பினார். பிறகு அவர் போட்ட சத்தத்தில்தான் உங்கள் ஆட்கள் வந்தார்கள். என் மனைவி அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தால் பரவாயில்லை, கொத்தோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

நேற்று முழுக்க நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். எப்போது தெரியும்? காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே தெரியும், சார். வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. வெளிச்சம் பட்டால் அவன் கண்ணைச் சுருக்குவான், சுருக்கவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். ரொம்பக் கீழே போய்விட்டான், கொஞ்சம் கொடுத்தால் ஏறி வருவான். ஃபிளாஸ்கில் மிச்சமிருந்ததை அவன் வாயில் ஊற்றினேன். வழிந்து தலையணையில் இறங்கியது. தலையணை உறையை மாற்றினேன். அவனைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பினேன், போர்வையைக் காது வரை இழுத்துவிட்டேன். ஏசியைக் கூட்டினேன். தலைமாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் வெளியே இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள். கடையைத் திறந்தேன். மெத்தையை நம் வீட்டு ஆள்தான் படுத்துக் காட்ட வேண்டும் என்பது அப்பா வைத்த விதி. அதைக் கடைசிவரை அவன் காப்பாற்றினான்.

எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சு நிற்கும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். செத்தவனை வைத்துத்தான் ஒரு நாள் முழுக்க வியாபாரம் செய்தேன். எந்தத் தண்டனையானாலும் சரி. ஒரே ஒரு விண்ணப்பம்தான். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் தம்பியைக் குடிப்பழக்கம் உள்ளவர் என்று எழுதியிருப்பதாக உங்கள் ஏட்டு சொன்னார். அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். அவன் குடியை விட்டு வருடக்கணக்காகிறது, ஆட்டோவில் அவன் அண்ணிக்குக் கொடுத்த வாக்கு அது. என் தம்பியைக் குடிகாரன் என்று யாராவது சொன்னால், கூடப் பிறந்தவனாக என்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.